கறார்ப் பெட்டி

இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே ஓர் ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் இறங்கும். நின்றால் அப்படியே நிற்கும். மல்லாந்து படுத்தால் மட்டும் கொஞ்சம் வெளியே வரும். இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியதில் எனக்கு மிஞ்சியது சொந்தமாக ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியும் இந்த ஆணியும்தான். செல்வநாயகியின் கடையில் நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சடையப்பன் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொள்கிற உடம்பு. அவனும் நானும் ஜோடி வண்டி. சங்ககிரியில் ஜோடி என்றால், ஒரே ஊருக்கு லோடு ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னுமாகப் போய், முன்னும் பின்னுமாகத் திரும்புகிற இரண்டு லாரிகள். ஒருவன் தூங்கினால் மற்றவன் டயரையும் டீசலையும் பார்த்துக்கொள்வான். ஒருவன் வண்டி மண்ணில் புதைந்தால் மற்றவன் வடம் கட்டி இழுப்பான். பதினான்கு வருஷமாக ஜவ்வரிசி மூட்டையோடு சோலாப்பூர் போகிறோம், வெங்காயத்தோடு திரும்புகிறோம். அவன் வண்டியின் பின்விளக்கைப் பார்த்த அளவுக்கு நான் என் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததில்லை.

அந்த மாதத்தோடு கெடு முடிந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து புதிய வழிகாட்டிப் பெட்டி இல்லாத லாரியைப் பெருஞ்சாலையில் ஏற விடமாட்டார்கள். வண்டிகள் பெருகிப் பெருகி, கணவாய், டோல்கேட், நகர நுழைவு என்று குறுகலான இடங்களிலெல்லாம் நாள்கணக்கில் நெரிசல் நிற்க ஆரம்பித்திருந்தது. அரசாங்கம் எல்லாவற்றுக்கும் முறை வைத்துவிட்டது, வாய்க்கால் தண்ணீருக்கு வைக்கிற மாதிரி. உன் வண்டிக்கு மூன்று மணி பத்து நிமிஷம் என்று சாலைக் கணினி முறை ஒதுக்கினால் மூன்று பத்துக்குத்தான் போக முடியும். அதுவரை பக்கத்தில் போட்டிருக்கும் மைதானத்தில் கிடக்க வேண்டும். முறை வந்து மூன்று நிமிஷத்துக்குள் வண்டி நகரவில்லையென்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். முறையை வாங்கித் தருவதும் வழி சொல்வதும் பெட்டியின் வேலை.

செல்வநாயகி முன்பு அதே கடையில் ரேடியேட்டர் ஓசும் ஃபேன் பெல்ட்டும் விற்றுக்கொண்டிருந்தவள். புருஷன் போன பிறகு தனியாகக் கடையை நடத்துகிறாள். கார்களுக்கு வருகிற மலிவுப் பெட்டியை வாங்கி ஏமாந்துவிடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னாள். அதற்கு லோடின் உயரம் தெரியாது, அச்சின் எடை தெரியாது, பன்னிரண்டு அடிப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகிவிடும். பிறகு ஒரு வெள்ளைப் பெட்டியையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் மேசைமேல் வைத்தாள். இரண்டும் சாப்பாட்டுத் தூக்குப் பாத்திரத்தின் மூடி அளவுதான் இருந்தன.

"வழி சொல்றதுல ரெண்டும் ஒன்னுதானுங்க. முறை விசயத்துலதான் வித்தியாசம். பெட்டியும் பெட்டியும் ஒன்னோட ஒன்னு பேசிக்கும். உன்ற முறைய எனக்குக் குடு, என்ற முறைய நீ வச்சுக்க, பொறகு திருப்பித் தர்றேன்னு கேக்கும். வெள்ளையில விட்டுக் குடுக்கற வசதி இருக்குது. கறுப்பு கேக்கும். ஆனா குடுக்காது."

லாரிக்காரர்கள் அதற்குள் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளை சாது. கறுப்பு கறார்.

விட்டுக்கொடுத்தால் என்ன லாபம் என்று சடையப்பன் கேட்டான். வருஷக் கட்டணத்தில் கொஞ்சம் கழிப்பார்கள் என்றாள். அந்தப் பெட்டிக்கு நல்ல மோர் எங்கே கிடைக்கும் என்று தெரியுமா, கக்கூஸ் சுத்தமாக இருக்கிற பங்க் தெரியுமா என்று அவன் அடுத்தடுத்துக் கேட்டான். அதெல்லாம் உங்களுக்கே தெரியுமே என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். கறார் விலை சாதுவைப் போல மூன்று மடங்கு.

அப்போது சடையப்பனுக்குத் தார்ப்பாய் தைக்கிறவனிடமிருந்து போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனான். நான் கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, எல்லோரும் இதையே வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

செல்வநாயகி வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்ப இதுக்கு வேலையே இல்லீங்க. கறாரும் கறாரும் ஒன்னுக்கொன்னு விடாது. பக்கத்துல ஒரு சாது இருந்தாத்தான் கறாருக்குப் பொழப்பு."

இதை நான் கேட்டேன். காதில் விழவில்லை என்று பின்னால் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். விழுந்தது.

சடையப்பன் திரும்பி வந்து, எதை எடுக்கலாம் என்று என்னைத்தான் கேட்டான். டயர் வாங்கினாலும், பேட்டரி வாங்கினாலும், மகளுக்கு எந்தக் கல்லூரி என்றாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வான். எனக்கு இடுப்பு இருக்கிறது, மைதானத்தில் மணிக்கணக்கில் உட்கார முடியாது, அதனால் கறார் எடுக்கிறேன் என்றேன். உனக்குச் சாதுவே போதும் என்றேன்.

"நீ சொன்னாச் செரி பங்காளி," என்றான். செல்வநாயகியிடம் திரும்பி, "ஊட்டுல இருக்கறது கறாரு. வண்டியிலயாவது ஒரு சாது இருக்கட்டும்."

அவள் இரண்டு பெட்டியோடும் தடிமனான கையேடு ஒன்று கொடுத்தாள். இரண்டு பேருமே அதைக் கேபின் மூலையில் போட்டோம்.

முதல் நடை எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஓசூர் மைதானத்தில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று காட்டிய பெட்டி, நான் கீழே இறங்கி இடுப்பை நீட்டுவதற்குள் நாற்பது நிமிஷம் என்றது. துமகூரில் இரண்டரை மணி இருபது நிமிஷமானது. ஒவ்வோர் இடத்திலும் வரிசையைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரம்கட்டி, கேபின் பலகையில் மல்லாந்து கிடந்தேன். ஆணி வெளியே வந்தது. வலியில்லாமல் ஸ்டியரிங் பிடித்து எத்தனை வருஷமாகிறது என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

சடையப்பன் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று மணி, நான்கு மணி தாமதமாக வந்து சேர்ந்தான். இறங்கும்போதே ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இறங்குவான்.

"என்ற பெட்டி கலியாண ஊட்டுக்காரன் மாதிரி பங்காளி. ஊரையே பந்தியில உக்கார வெச்சுப்போட்டு, நீங்க தின்னுங்க நீங்க தின்னுங்கன்னு வாசல்ல நிக்குது. எனக்குச் சோறு எப்பன்னு கேட்டா, எலை வரட்டும்னுது."

சிரித்தேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் லோடு இறக்கும் ஆட்கள் வந்துவிடுவார்கள். பழைய கணக்குப்படி அவன் வந்ததும் படுக்க வேண்டும், நான் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் வரும் நேரம் கிளம்புகிற நேரமாக இருந்தது. மைதானத்திலும் தூங்க முடியாது. முறை எப்போது தள்ளும், எப்போது இழுக்கும் என்று தெரியாது. மூன்று நிமிஷம் கண் அசந்தால் கடைசி வரிசை. பெட்டி கூப்பிடுமே என்பார்கள். இருபது மணி நேரம் விழித்தவனைக் கூப்பிட்டால் எழுவான் என்று அந்தப் பெட்டியைச் செய்தவன் நினைத்திருக்கிறான். அவன் லாரி ஓட்டியவன் இல்லை.

இரண்டாவது நடையில், ஓசூரில் படுத்துக்கொண்டு பெட்டியின் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் வந்தது. 'தர வேண்டியவை' என்று தலைப்பு. அதன்கீழே ஒன்பது வரிகள். தேதி, இடம், எத்தனை மணி எத்தனை நிமிஷம், யாரிடமிருந்து என்று வண்டி எண். ஒன்பதிலும் ஒரே எண். அது சடையப்பன் வண்டி எண்.

அந்த எண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதினான்கு வருஷம் அதன் பின்னால் போயிருக்கிறேன்.

செல்வநாயகிக்குப் போன் போட்டேன். ஏன் ஒரே வண்டியிடம் எடுக்கிறது என்று கேட்டேன். இரண்டு வண்டியும் சேர்ந்தே போகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், ஜோடி என்றேன்.

"கறாரு எப்பவும் பக்கத்துல இருக்கற சாதுகிட்டத்தான் போவுமுங்க. மத்த வண்டிங்க இன்னிக்கு ஒரு கறாரு பக்கம் நிக்கும், நாளைக்கு வேற எடத்துல நிக்கும். எடுக்கறது பரவலாப் போயிரும், யாருக்கும் பெருசாத் தெரியாது. நீங்க ஜோடியாப் போறீங்க. அதுக்கு எப்பவும் அவரே பக்கத்துல கெடைக்கறாரு."

இதைப் பெட்டி செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இரண்டு லாரி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் போகும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? எங்களுக்குப் பாதுகாப்பு என்று நாங்கள் வைத்திருந்த வழக்கம்தான் அவனைக் கொண்டுபோய் என் பெட்டியின் வாயருகே நிறுத்தியது.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். மூன்று வழி சொன்னாள். ஜோடியைப் பிரித்துவிட்டுத் தனித்தனியாக ஓட்டலாம். அல்லது அவரும் கறார் வாங்கலாம், அப்போது இரண்டு பேரும் சமமாகக் காத்துக் கிடப்பீர்கள். அல்லது அந்தப் பக்கத்தின் அடியில் 'திருப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கலாம்.

"அமுக்குனா?"

"வாங்குன மணி மொத்தத்தையும் நீங்க காத்துக் கெடக்கோணும். அவரு முன்னால போயிருவாரு. உங்களுக்கு முடியுமாங்க அண்ணா?"

ஒன்பது வரியையும் கூட்டிப் பார்த்தேன். இருபத்துமூன்று மணி நேரம். இடுப்பு அந்த எண்ணைக் கேட்டதுமே ஒரு முறை குத்தியது. இந்த நடை முடியட்டும், அவனிடம் சொல்லிவிட்டு ஏதாவது செய்யலாம் என்று போனை வைத்தேன்.

நடை முடிந்தது. சொல்லவில்லை. அடுத்த நடையில் சோலாப்பூரில் சொல்லலாம் என்று இருந்தேன். அங்கே அவன் தராசுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான், நல்ல நேரம் இல்லை என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், நல்ல நேரம் எத்தனையோ வந்தது. நான் வலியில்லாமல் இருந்தேன். அவ்வளவுதான் காரணம். இல்லாதவனுக்குச் சோறு எப்படியோ அப்படித்தான் எனக்கு அந்தப் படுக்கை. கிடைத்த பிறகு யார் இலையிலிருந்து வந்தது என்று கேட்க வாய் வரவில்லை.

சடையப்பன் மாறிக்கொண்டே வந்தான். கண்ணுக்கு அடியில் தோல் தொங்கியது. பேச்சு குறைந்தது. டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நிற்பான். ஒரு நாள் ராணிபென்னூர் பக்கம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், சாதத்தில் கையை வைத்தபடியே உறங்கிப்போனான். எழுப்பினேன். "ரசத்த ஊத்துங்க," என்றான், கண்ணைத் திறக்காமல்.

இவ்வளவும் நடக்கும்போது அவன் ஒரு தடவைகூட என் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தெரியாதவனுக்குச் செய்கிற துரோகம் கொஞ்சம் லேசாக இருக்கும். அப்படி ஒரு தைரியம்.

ஐந்தாவது நடை திரும்பும்போது தொப்பூர் கணவாய்க்கு வந்தோம். பகல் ஒன்றரை மணி. தருமபுரிப் பக்கம் மேலே இருந்த மைதானத்தில் முந்நூறு லாரி நின்றது. வெயில் தார்ப்பாய்மேல் விழுந்து வெங்காய வாடை மைதானம் முழுக்கக் கிடந்தது. எங்கள் இரண்டு பேர் லோடும் ஆறு நாள் ஆன வெங்காயம். அன்றைக்கு இறக்கவில்லையென்றால் பாதி அழுகிவிடும்.

சடையப்பன் நடந்து என் கேபினுக்கு வந்தான். படியில் கால் வைத்து, ஏறாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு.

"இன்னிக்கு எனக்கு அதிசயமா ரெண்டு மணிக்கே முறை வந்திருக்குது. உனக்கு?"

"அஞ்சு."

"நான் மெதுவா எறங்கி, கீழ அந்தப் புளியமரத்துக்கிட்ட வண்டியப் போட்டுத் தூங்கறேன். நீ வந்து எழுப்பு. நாலு நாளாச்சு பங்காளி நான் தூங்கி. காது ரெண்டும் கொய்யுன்னு கேக்குது."

போய்விட்டான். நான் பலகையில் படுக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது திரை மாறியது. 'உங்கள் முறை: 2.00. புறப்படத் தயாராகவும்.'

திரையை விரலால் தள்ளி அந்தப் பக்கத்துக்குப் போனேன். இருபத்துமூன்றாவது வரி புதிதாக வந்திருந்தது. அடியில் 'திருப்பு' பொத்தான் இருந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோனேன். தொடவில்லை. அமுக்கினால் அன்றைக்கு மூன்று மணி நேரம் அல்ல, இதுவரை வாங்கிய அத்தனையும் ஒரேயடியாக அந்த மைதானத்தில் கிடக்க வேண்டும். இரண்டரை நாள். வெங்காயம் போய்விடும், இடுப்பு போய்விடும். அது ஒரு பக்கம். மறுபக்கம், எனக்கு முப்பது அடி தூரத்தில் அவன் கேபின். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையைத் தூக்கி, போ என்கிற மாதிரி முன்னால் அசைத்தான்.

என்ஜினைப் போட்டேன்.

அவன் ஐந்து மணிக்கு இறங்கினான். ஐந்து மணி பதினெட்டு நிமிஷத்துக்கு இரண்டாவது வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போனது. பிரேக் விட்ட வண்டிகள் ஏறி நிற்பதற்காகப் போட்டிருந்த மணல் மேடு அங்கே இருந்ததால் உயிர் மிஞ்சியது. வண்டி மணலில் ஏறி இடதுபக்கம் சாய்ந்து, கேபின் நசுங்கி, அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே உள்ளே மாட்டிக்கொண்டது. வெட்டி எடுத்தார்கள், கேபினை. காலில் கம்பி வைத்தார்கள்.

நான் கீழே புளியமரத்தடியில் மல்லாந்து கிடந்தேன். வலியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு டேங்கர் டிரைவர் வந்து எழுப்பினான்.

விசாரணை இரண்டு வாரத்தில் முடிந்தது. முடிக்க ஒன்றும் இல்லை. கேபின் கேமராவில் அவன் கண் நான்கு வினாடி மூடியிருந்தது. உரிமம் ரத்து. ஓட்டுநர் தூங்கியதால் வண்டிக்கும் நஷ்ட ஈடு கிடையாது என்று எழுதினார்கள். நான் போய், முறை மாற்றத்தால்தான் அவன் தூங்கவில்லை என்று சொன்னேன். அதிகாரி என்னைவிடச் சோர்வாக இருந்தார். முறை மாற்றம் விருப்பத்தின் பேரில் நடப்பது, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பதிவு இருக்கிறது என்று ஒரு தாளை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். பெட்டிகள் விருப்பப்படுவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவனை ஆஸ்பத்திரியில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவன் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று கட்டிக்கொண்டே போனேன். பெட்டி தானாக எடுத்தது, எனக்குத் தெரியவே தெரியாது, இப்போதுதான் செல்வநாயகி சொன்னாள். இப்படி ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன்.

அவன் பெண்டாட்டி பாவாயி கதவைத் திறந்தாள். வாங்க என்றாள். அவன் ஜன்னல் ஓரம் கட்டிலில் சாய்ந்திருந்தான். உடம்பு பாதியாகியிருந்தது. காலில் மூன்று இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆணி இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டேன்.

லோடு எப்படி, சோலாப்பூரில் மழையா என்று கேட்டான். சொன்னேன். தனியாகத்தான் ஓட்டுகிறாயா என்றான். ஆமாம் என்றேன். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டான். இப்போது முன்புபோல இல்லை, எல்லா இடத்திலும் காத்துக் கிடக்கிறேன் என்றேன். அது உண்மைதான்.

தூங்குகிறாயா என்று கேட்டேன்.

"அதத்தான் கேக்காத. நாள் பூராக் கட்டில்ல கெடக்கறேன், பொட்டுத் தூக்கம் வர்றதில்ல. கண்ண மூடுனா முறை வந்துருமோன்னு முழிப்பு வந்துருது."

பாவாயி மோர் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு தாளையும் வைத்தாள். அதிகாரி என்னிடம் காட்டிவிட்டு உள்ளே வைத்த அதே தாள். அவர்களுக்கு ஒரு நகல் கொடுத்திருக்கிறார்கள்.

"இருவத்திமூணு வாட்டிங்க," என்றாள். "அறுவத்தோரு மணி நேரம், நாப்பது நிமிசம். நான் கூட்டிப் பாத்தேன்."

தாளை எடுத்தேன். அது சடையப்பனின் வெள்ளைப் பெட்டி வைத்திருந்த பதிவு. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு கேள்வி இருந்தது. 'அர்த்தநாரி அவர்கள் உங்கள் முறையைக் கேட்கிறார். தரலாமா?' பக்கத்தில் அவன் அமுக்கிய பதில். 'தரலாம்.' இருபத்துமூன்று வரியிலும் என் பெயர். இருபத்துமூன்றிலும் தரலாம். கடைசி வரியில், பகல் ஒன்று ஐம்பத்தாறு.

என் கறுப்புப் பெட்டி என்னைக் கேட்டதே இல்லை. அவன் வெள்ளைப் பெட்டி ஒவ்வொரு தடவையும் அவனைக் கேட்டிருக்கிறது, அதுவும் என் பெயரைச் சொல்லி. தெரியாத பெயருக்கு யாரும் லேசில் தரலாம் என்று அமுக்குவதில்லை, அதனால்தான் இப்போது எல்லா இடத்திலும் காத்துக் கிடக்கிறேன். கையேட்டில் எங்கேயோ எழுதியிருந்திருக்கும். கேபின் மூலையில் கிடந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம எப்புடி? நாந்தான அமுக்குனேன்." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மொத வாட்டி ஓசூர்ல வந்துச்சு. நீ இடுப்பப் புடிச்சுக்கிட்டு வண்டிய உட்டு எறங்குன, நான் பாத்தேன். வாய் உட்டுக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுப் பெட்டியில கேக்கறான்னு நெனச்சேன். நீ எதையும் வாய் தொறந்து கேக்கற ஆளு இல்ல. அதப் போயி நான் நேருல பேசுனா உனக்குச் சங்கட்டமா இருக்கும்னு உட்டுட்டேன். மறுவாட்டியும் கேட்ட. ஒருக்காக் குடுத்துப்போட்டு மறுக்கா இல்லீன்னு எப்புடி அமுக்கறது?"

"அன்னிக்குத் தொப்பூர்ல?"

"அன்னிக்கு இல்லீன்னு அமுக்கலாம்னு வெரல் போச்சு. உன்னையப் பாத்தேன். நீ என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. படுக்கக்கூட இல்ல. நெம்ப வலிச்சிருக்கும்னு நெனச்சேன். அமுக்கிப்போட்டு, போன்னு கையக் காட்டுனேன்."

பாவாயி கதவுநிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னையே பார்த்தாள்.

"நீ கேட்டதுதான பங்காளி?" என்றான் அவன். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான். "வேற ஒன்னும் இல்ல. முந்தாநேத்து இந்தத் தாளக் கொண்டாந்து குடுத்த அதிகாரி, பெட்டியே உங்க சிநேகிதர் பேருல கேட்டிருக்கும், அவருக்கே தெரியாதுன்னு சொன்னாரு. அப்புடி இருந்தா நான் ஒரு டப்பாவுக்காடா காலக் குடுத்தேன்னு ரெண்டு நாளா ஒரே ரோசனை."

நான் கேட்கவில்லை. அதுதான் உண்மை. கட்டிக்கொண்டு வந்த பேச்சுக்கு அவனே வாசலைத் திறந்துவிட்டான். நான் கேட்கவே இல்லை பங்காளி, எல்லாம் அந்தப் பெட்டி செய்தது என்று சொன்னால் பாதிப் பழி அப்போதே இறங்கிவிடும். ஆனால் ஒன்பதாவது வரியில் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பதினான்கு வரியிலும் தெரிந்தே படுத்துக் கிடந்தேன். தெரிந்து கிடந்ததற்குக் கேட்டது என்றுதான் பெயர்.

"ஆமா," என்றேன். "நாந்தான் கேட்டேன்."

"அப்பச் செரி," என்றான். தலையைத் தலையணையில் வைத்துக் கண்ணை மூடினான். தூங்கவில்லை. இமை ஆடிக்கொண்டே இருந்தது.

பாவாயி தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. மோரைக் குடியுங்கள் என்றாள். குடித்தேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை போகிறேன். அவன் தூங்கட்டும், நான் விழித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று பகலெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. 'திருப்பு' பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். அந்த எண்ணில் வண்டி ஓட்டத்தில் இல்லை, திருப்ப இயலாது என்று வந்தது. செல்வநாயகியிடம் கேட்டேன். தொண்ணூறு நாள் ஆனால் பதிவு தானாகவே அழிந்துவிடும், கவலைப்படாதீர்கள் அண்ணா என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமையோடு கடைசி வரிக்கும் தொண்ணூறு நாள் ஆயிற்று. ஓசூர் மைதானத்தில் ஏழாவது மணி நேரமாக உட்கார்ந்துகொண்டு திரையைத் தள்ளிப் பார்த்தேன். 'தர வேண்டியவை: ஏதுமில்லை' என்று பச்சையில் காட்டியது.

சடையப்பனுக்கு நான் அறுபத்தோரு மணி நேரம் நாற்பது நிமிஷத் தூக்கம் தர வேண்டும்.